தாம்பத்தியம்: இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் கத்தோலிக்கக் கோவிலில் ஓலை வாசிப்பதற்கு, அதாவது திருமண அறிவிப்புக்கு, முன்பு திருமண ஆயத்த வகுப்பு நடக்கும் அல்லவா, அங்கே பணம், மாமியார் வீடு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் தாராளமாகப் பேசப்படும், ஆனால் உடலுறவு என்று வந்ததும் குரல் இறங்கி, "தாம்பத்திய உறவு" என்றோ வெறுமனே "அந்த விஷயம்" என்றோ சொல்லிக் கடந்துவிடுவார்கள். மணமாகப் போகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாம்பத்தியம் ஒளித்துப் பேசத் தேவையே இல்லாத சொல்.

தம்பதி என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது தாம்பத்தியம். 'தம்' என்றால் வீடு, 'பதி' என்றால் உரியவர் என்று பொதுவாக விளக்குவார்கள். வீட்டுக்கு உரிய இருவராக வாழும் நிலைதான் நேர்ப்பொருள். பத்திரிகைக் கேள்வி-பதில் பகுதிகளில்தான் அது கட்டிலோடு சுருங்கிப்போனது.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது 'தாம்பத்தியக் கடமை', அதாவது உடலுறவில் தம்பதியர் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் என்பது. இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் பிடித்திருக்கிறார்கள். மூலம் விவிலியத்தில் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 7:3. கிரேக்கத்தில் 'ஒஃபெய்லே', இலத்தீனில் 'டெபிட்டும்', இரண்டுக்குமே கொடுக்க வேண்டியது, கடன் என்று பொருள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் திருமணச் சம்மதத்தை ஒருவர் உடல்மேல் மற்றவர் பெறும் உரிமை என்ற மொழியிலேயே விளக்கியது. அதிலிருந்து "மனைவி மறுக்கக் கூடாது" என்று ஒரு பேச்சு எழுந்து, சில வீடுகளில் இன்றைக்கும் அது பெண்கள் தலையில் ஏற்றப்படுகிறது. சரி, பவுல் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்: கடமையை முதலில் கணவனுக்குத்தான் சொல்கிறார், மனைவிக்கு அடுத்துத்தான். அடுத்த வசனத்திலேயே கணவனின் உடல்மேல் மனைவிக்கு அதிகாரம் உண்டு என்கிறார். முதல் நூற்றாண்டில் இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

திருச்சபையின் பேச்சும் பிறகு தெளிந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை), தம்பதியர் அன்போடு இணையும் செயல்கள் மேன்மையும் மாண்பும் உடையவை என்று வெளிப்படையாகவே எழுதியது. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'உமானே வீத்தே' சுற்றுமடலில், இணைதலும் உயிர் தருதலும் பிரிக்க முடியாதவை என்றார். செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்காததற்கு அடிப்படை அதுதான், அது எல்லோருக்கும் தெரியும். அதே மடலின் 13ஆம் பத்தி பலருக்குத் தெரியாது: துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதிக்காமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் அல்ல என்கிறது அது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1061ஆம் பிரிவும் திருமணம் உடலால் நிறைவு பெறுவதைப் பற்றிப் பேசும்போது 'மனித முறையில்' என்று சேர்த்துச் சொல்கிறது. ஆயத்த வகுப்பில் குரலை உயர்த்திப் படிக்க வேண்டிய வரிகள் இவைதாம்.

அப்புறம், நல்ல தமிழில் என்ன சொல்லலாம்? வாழ்க்கை முழுவதையும் குறிக்க இல்லறம் இருக்கிறது, அதில் குறையே இல்லை. உறவை மட்டும் குறிக்கப் புணர்ச்சி பழந்தமிழ்ச் சொல்தான், ஆனால் இன்றைக்கு இலக்கண வகுப்பையும் மருத்துவரையும் நினைவூட்டுகிறது. கூடல் அழகான சொல், என்றாலும் பேச்சில் ஒட்டாது. கத்தோலிக்கர் சொல்ல வரும் பொருளுக்கு நான் தேர்ந்தெடுப்பது 'ஒன்றிப்பு'. 1995ஆம் ஆண்டு விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் தொடக்கநூல் 2:24, கணவன் தன் மனைவியுடன் "ஒன்றித்திருப்பான், இருவரும் ஒரே உடலாய் இருப்பர்" என்கிறது. "தூய ஆவியாரின் ஒன்றிப்பில்" என்று திருப்பலியில் கேட்பதும் இதே சொல்தான். தனியாகச் சொன்னால் எதைப் பற்றி என்று விளங்காத இடத்தில் 'மண ஒன்றிப்பு' என்று எழுதுங்கள், போதும்.