ஒளி விளக்கு வாங்குமுன்: காலை வெளிச்சமும் இதயமும்

இதயத்தைக் காக்கும் என்று இணையத்தில் விற்கும் ஒளி விளக்கை வாங்க நினைப்பவர்கள், காசு கொடுக்குமுன் இதை வாசியுங்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. ஆனால் விளம்பரம் சொல்லும் தூரத்துக்கு அது இன்னும் போகவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இலும் 2019இலும் வெளியிட்ட முடிவுகள்தான் அடிப்படை. உடலின் நேரக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களில் ஒன்று பெர்-2. கடும் வெளிச்சத்தில் ஒரு வாரம் வைத்த எலிகளின் இதயத்தில் அதன் அளவு கூடியது. பிறகு இதயக் குழாயை அடைத்துத் திறந்தபோது, செத்துப்போன தசை குறைவாக இருந்தது. இரத்தம் நின்ற இடத்தில் ஒட்சிசன் இல்லை. பெர்-2 கூடிய தசையோ கொழுப்பை எரிப்பதைக் குறைத்து, ஒட்சிசன் குறைவாகத் தேவைப்படும் குளுக்கோசுக்கு மாறிக்கொள்கிறது. கண்பார்வையில்லாத எலிகளுக்கு இந்தப் பலன் கிட்டவில்லை. அதாவது வெளிச்சம் வேலை செய்வது கண் வழியே. நெஞ்சில் கட்டும் சிவப்பு விளக்குப் பட்டிக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை.

மனிதரில் செய்தது சிறிய பரிசோதனை: ஆரோக்கியமானவர்களுக்குக் காலையில் 30 நிமிடம், 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), தொடர்ந்து 5 நாள். இரத்தத்தில் பெர்-2 கூடியது. மாரடைப்பு குறைகிறதா என்று அதில் பார்க்கவில்லை. ஏற்கெனவே தொடங்கிய மாரடைப்புக்கு வெளிச்சம் மருந்தல்ல. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர் வியர்வை இருந்தால் உடனே இலங்கையின் அம்புலன்ஸ் சேவையான 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். நீரிழிவுக்காரருக்கு நோவே இல்லாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம். "வாய்வுதான், விடியட்டும்" என்று காத்திருந்த ஒவ்வொரு மணியும் தசையைத் தின்றுவிடுகிறது.

இனி விளக்கு. குளிர்காலத்தில் பகல் சுருங்கும் வடநாடுகளின் மனச்சோர்வுக்காகப் பரவிய கருவி அது. நமக்குக் கிழக்குக் கரையில், கல்லடியிலும் பொத்துவிலிலும் சூரியன் கடலிலிருந்தே எழும்புகிறது. வீட்டு மின்குமிழின் கீழ் கிடைப்பது 100 முதல் 300 லக்ஸ். காலை ஏழரைக்கு வளவில் வேப்பமர நிழலில் பல ஆயிரம் லக்ஸ் உண்டு. மாரி மூட்டத்திலும் வெளியில் ஆயிரத்தைத் தாண்டும். கறுப்புக் கண்ணாடி போடாமல் அரை மணி நேரம் வெளியில் நடந்தாலே போதும். சூரியனை நேரே மட்டும் பார்க்க வேண்டாம், விழித்திரை கருகும். விறாந்தையின் உள்மூலையில் இருந்தால் வெளிச்சம் பாதிக்கும் குறைவு.

வாங்கியே விட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் எழுதிய 10,000 லக்ஸ், அதில் குறித்த தூரத்துக்கு மட்டும்தான். பெரும்பாலும் 30 சென்றிமீற்றர். இரு மடங்கு தள்ளி இருந்தால் ஏறக்குறைய கால்வாசிதான் கண்ணுக்கு வரும். சுவரில் மாட்டிவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பதில் பயனில்லை. மாலையில் போட்டால் கடிகாரம் பின்தள்ளி, தூக்கம் கெடும். இரவு முழுக்க வாவியில் வலைபோட்டு விடியத் தூங்கப் போகிறவருக்கும், இரவுக் கடமை முடித்தவருக்கும் இந்தக் காலை அரைமணி பொருந்தாது. அவர்களுக்குத் தூக்கம்தான் முதலில்.

நீரிழிவால் விழித்திரை பழுதடைந்தவர்கள் கண் கிளினிக்கில் கேட்காமல் விளக்கைத் தொடவேண்டாம். மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அப்படியே. கடும் வெளிச்சம் அந்த ஏற்றத்தைத் தூண்டக்கூடும். குளிசைகளிலும் கவனம் வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் அமியோடரோன், வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலைத் தடுக்க வாரம் ஒருமுறை போடும் டொக்சிசைக்கிளின் இரண்டும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். இவற்றை எடுப்பவர்கள் நீளக்கைச் சட்டையோடு, வெயில் ஏறுமுன், நிழலில் நடக்கட்டும். தோல் சிவந்து எரிந்தால் குளிசையைத் தாமாக நிறுத்தாமல், அந்த உறையையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும்.