கழுத்துக் கோடு கறை இல்லை

போன மாதம் ஒருவர் அட்டைப் பெட்டியோடு கிளினிக்குக்கு வந்தார். உள்ளே நனைந்து ஒடுங்கிப்போய் ஒரு சின்னக் குருவி. “கழுத்துல ஆயில் ஒட்டியிருக்கு டாக்டர். ஷாம்பூ போட்டுக் கழுவிப் பார்த்தோம், போகவே இல்லை” என்றார்.

மஞ்சள் வயிறு, பழுப்பு முதுகு. தொண்டையில் தொடங்கி வயிறு வரை நட்டநடுவே ஒரு கருநீலக் கோடு. அது ஆயில் இல்லை, இறகு. வந்தது ஊதாத் தேன்சிட்டு. இதில் ஆண் பறவை, குஞ்சு பொரிக்கும் காலத்தில் கருநீலமாக மின்னும். அந்தக் காலம் முடிந்ததும் பளபளப்பை உதிர்த்துவிட்டு ஏறக்குறைய பெண்ணைப் போலவே ஆகிவிடும். மிஞ்சுவது இந்தக் கோடும், இறக்கையின் மேல்பக்கம் கொஞ்சம் நீலமும்தான். வளர்ந்துவரும் இளம் ஆணுக்கும் இதே கோடு வரும். பார்க்கிறவர்களுக்கு அழுக்கு, காயம், நோய் என்றெல்லாம் தோன்றுகிறது. இந்தப் பறவையின் எடை ஒரு 10 ரூபாய் நாணயத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை நனைத்தால் உடல் சூடு மளமளவென்று இறங்கிவிடும். ஷாம்பூ இறகின் எண்ணெயையும் எடுத்துவிடும்.

அதனால் முதலில் தொண்டையைப் பாருங்கள். கோடே இல்லாமல், தாடையிலிருந்து அடிவயிறு வரை ஒரே வெளிர்மஞ்சள் என்றால் ஊதாத் தேன்சிட்டின் பெண். தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, அதற்குக் கீழே மார்பு மட்டும் நல்ல மஞ்சள் என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண். வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடியில் சிலந்திநூல் வைத்துப் பை மாதிரிக் கூடு கட்டுவது பெரும்பாலும் இதுதான். அலகு அரிவாள் போல நீண்டு நன்றாக வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. தேன்பழ மரத்தடியில் கிடைத்த குருவிக்கு அலகு குட்டையாக, உடம்பு ஒரே சாம்பல் பழுப்பாக இருக்கிறதா? அது தேன்சிட்டுக் குஞ்சு இல்லை, வளர்ந்த பூக்கொத்தியாகவே இருக்கலாம்.

அப்புறம் வாயோரம். குஞ்சுக்கு அங்கே மஞ்சளாக, சதைப்பிடிப்பாக ஒரு மடிப்பு இருக்கும். வாலும் அலகும் குட்டையாக இருக்கும். இப்படி ஒன்று தரையில் தத்திக்கொண்டிருந்தால், பறக்கப் பழகுகிறது என்று அர்த்தம். தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை எட்டாத கிளையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போங்கள். நீங்கள் நிற்கும்வரை அது இரை கொண்டுவராது. பாசத்தில் வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. பால் எந்தக் குருவிக்கும் செரிக்காது. தேன்சிட்டுக் குஞ்சுக்குத் தாய் கொடுப்பது தேனைவிடச் சின்னப் பூச்சியும் சிலந்தியும்தான். வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும். காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அன்று வந்த ஆண் குருவியைத் துணியில் ஒற்றி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, பல்பின் இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் விட்டேன். காய்ந்ததும் தோளில் நீலம் தெரிந்தது. “இவ்வளவு அழகாவா இருந்துச்சு!” என்றார் அவர். இருட்டுவதற்குள் அவர் வீட்டுச் செம்பருத்தியிலேயே கொண்டுபோய் விடச் சொன்னேன்.

இனி இப்படி ஒன்று கிடைத்தால், கழுவுவதற்கு முன்னால் தொண்டை, பக்கவாட்டில் அலகு, வாயோரம் மூன்றையும் போனில் படம் எடுத்து ஒரு பறவை மருத்துவருக்கு அனுப்புங்கள்.