பன்னிரண்டு முறை வாசித்த ஒரே வயலின்

"மாமா, பதினாறு வயலின் வைச்சிருக்கேன். ஆனா ஒரே வயலின் கிட்ட வந்து கத்துற மாதிரிதான் இருக்கு. ஏன்?"

கேட்டவள் அக்கா மகள். மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறாள். சனி ஞாயிறுகளில் கிராண்ட் பேயில் கிட்டாரோடு கிரியோல் பாட்டுப் பாடுவாள். எழுதுவதும் மெட்டுப் போடுவதும் வெளியிடுவதும் அவளே. போன வருடத்திலிருந்து அதன் ஓரமாக, வேறொரு பெயரில், சினிமாப் பின்னணி இசை போல வயலின் படை முழங்கும் பாட்டுகளும் செய்துகொண்டிருக்கிறாள். படை என்றால் கர்நாடக வயலின் கற்ற தோழி ஒருத்தி, மைக் ஒன்று, படுக்கையறை ஒன்று. தோழி வாசித்ததை ஒரு முறை பதிவு செய்து, கணினியில் பதினாறு நகல் எடுத்து அடுக்கியிருந்தாள்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். இந்தக் கேள்வியை விட மனமில்லை.

நகல்கள் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். பதினாறு அலைகளின் முகடுகளும் ஒரே கணத்தில் ஏறி இறங்குவதால் வீச்சு 16 மடங்காகிறது. இது 24 டெசிபல் உயர்வு. ஒலியளவைத் திருகி ஏற்றினாலும் கிடைப்பது இதுவேதான். வயலின் என்னவோ ஒன்றுதான். பதினாறு பேர் தனித்தனியாக வாசிக்கும்போது அலைகளின் கட்டங்கள், அதாவது முகடும் பள்ளமும் வரும் கணங்கள், பொருந்துவதில்லை. சில நேரம் கூடும், சில நேரம் கழியும். சராசரியில் ஆற்றல்தான் 16 மடங்காகும், அதாவது 12 டெசிபல். பத்து டெசிபல் ஏறினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும் என்பது பொதுக் கணக்கு. பெரிய வாத்தியக் குழுவில் முதல் வயலின்கள் மட்டுமே பதினாறு பேர் இருப்பார்கள். அந்தப் பதினாறு பேரும் சேர்ந்தால் ஒருவரைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேலான சத்தம், அவ்வளவுதான். ஆகவே அந்தப் பிரம்மாண்டம் சத்தத்திலிருந்து வரவில்லை.

எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குக் காட்ட மொரீஷியஸில் ஓர் எளிய வழி உண்டு. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. காத்ர் போர்ன் பக்கம் கோர் தெ கார்த் மலைச்சரிவு முருகன் கோயிலுக்குக் காவடி ஏறும்போது ஒருவர் "வேல் வேல்" என்று எடுப்பார், கூட்டம் திருப்பிச் சொல்லும். எடுத்தவர் குரல் ஒரு புள்ளியிலிருந்து வரும். கூட்டத்தின் குரலுக்குப் புள்ளியே கிடையாது, சுவர் மாதிரி எழும். இருநூறு பேரில் எந்த இருவரும் ஒரே கணத்தில் தொடங்குவதில்லை, ஒரே சுருதியில் நிற்பதுமில்லை. அந்தச் சின்னச் சின்ன ஒத்துப்போகாமையைத்தான் காது "கூட்டம்" என்று படிக்கிறது.

எவ்வளவு சின்னது? 440 ஹெர்ட்ஸில் ஒரு வயலினும் 442-இல் இன்னொன்றும் ஒலித்தால் நொடிக்கு இரண்டு விம்மல் கேட்கும். சுரத்தோடு கூடவே பத்து மடங்கு அதிர்வெண்ணில் ஒலிக்கும் பத்தாவது மேற்சுரங்களுக்கு இடையே வித்தியாசம் இருபது ஹெர்ட்ஸ், அங்கே நொடிக்கு இருபது விம்மல். அடியில் மெல்ல அசைவு, மேலே படபடவென்று மினுக்கம். விரலை அசைத்து வாசிக்கும்போது நொடிக்கு ஐந்தாறு முறை சுருதியும் ஊசலாடுகிறது. பதினாறு பேரின் ஊசலும் பதினாறு விதம். இதனால் விம்மல்களுக்கு ஒழுங்கே இராது. நாகஸ்வரம் இரண்டு சேர்ந்து வாசிக்கும்போது காற்றில் ஏதோ நெளிகிற மாதிரி இருக்குமே, அதைப் பல மடங்காக்கிப் பாருங்கள்.

தொடங்கும் நேரத்திலும் இப்படித்தான். நல்ல குழுவிலேயே வில் தந்தியைத் தொடும் கணங்களுக்கிடையே இருபது, முப்பது மில்லிநொடி வித்தியாசம் சாதாரணம். காது அதைப் பிரித்துக் கேட்பதில்லை, மொத்தையாக வாங்கிக்கொண்டு விளிம்பை மட்டும் மென்மையாக்கிவிடுகிறது.

"அப்படின்னா நகலைக் கொஞ்சம் தள்ளி வைச்சா?" என்றாள். வைத்துப் பார்த்தோம். ஐந்து மில்லிநொடி தள்ளினால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று சீரான இடைவெளியில் ஒலி வெட்டுப்படும்; அங்கெல்லாம் மூல அலையும் நகலும் எதிரெதிராகி ஒன்றையொன்று தின்றுவிடும். பி.வி.சி. குழாய்க்குள் வயலின் வாசித்த மாதிரி இருந்தது.

பழைய ஒலிப்பதிவுக்காரர்கள் இந்தக் குழாய்க்குத் தப்பிய விதம் அழகானது. 1966-இல் லண்டன் இ.எம்.ஐ. கூடத்துப் பொறியாளர் கென் டவுன்சென்ட், ஒரே குரலை இரட்டையாக்க இரண்டாவது நாடாக் கருவி ஒன்றை ஓடவிட்டார். அதன் வேகம் கூடிக் குறைந்ததில் தாமதமும் நிலையில்லாமல் அலைந்தது. அந்த அலைச்சல்தான் இரண்டு ஆள் என்ற பிரமையைத் தந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி அதே இடத்தில் பீட்டில்ஸுக்காக 40 வாத்தியக்காரர்கள் வந்தார்கள். அவரவர் வாத்தியத்தின் அடி சுரத்தில் தொடங்கி 24 தாள அளவுகளில் உச்சிக்கு ஏற வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஏறக் கூடாது. நாலு முறை வாசிக்க வைத்து அடுக்கினார்கள். நாற்பது பேர் நூற்று அறுபது பேர் ஆனார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாசிக்கப் பழகியவர்களைச் சேராதே என்று சொன்னால் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காசு இருந்தால் நேர்வழி உண்டு. ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் அலெக்ஸ் டர்னர், மைல்ஸ் கேனோடு சேர்ந்து தி லாஸ்ட் ஷேடோ பப்பெட்ஸ் என்ற பக்கத் திட்டமாக 2008-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு ஓவன் பாலெட் தந்தி வாத்தியப் பகுதிகளை எழுத, லண்டன் மெட்ரோபாலிடன் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. எங்களிடம் இருந்தவள் ஒரு தோழி.

ஆகவே அவளைப் பன்னிரண்டு முறை வாசிக்க வைத்தோம். ஒவ்வொரு முறையும் நாற்காலியை நகர்த்தினோம், சில முறை மைக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், வில்லை மாற்றினாள். கூட்டம் வந்தது, ஆனால் ஒரே குடும்பத்துக் கூட்டம் போல இருந்தது. காரணம் வயலினின் பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றுக்கென்று 270, 280 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் ஒத்ததிர்வு உண்டு, மரப்பலகைகளுக்கு அதற்கு மேலே சில. சுரம் எதுவானாலும் அந்த இடங்கள் தடித்துத்தான் ஒலிக்கும். மனிதரின் முகம் மாதிரி, மாறாது. பன்னிரண்டு முறையும் அதே முகம்.

இதற்கு நம் வயலின்காரர்களின் பழக்கமே கைகொடுத்தது. பாடுகிறவரின் சுருதிக்காகத் தந்திகளை ஏற்றி இறக்குவது அவர்களுக்கு அன்றாட வேலை. பன்னிரண்டில் நான்கை, அரைச் சுரம் இறக்கிக்கட்டி, பாட்டையும் அதே விகிதத்தில் மெதுவாக ஓடவிட்டு மறுபடி வாசித்தாள். பிறகு பதிவை 6 சதவீதம் வேகமாக்கினோம். சுரம் தன் இடத்துக்கு வந்தது, பெட்டியின் ஒத்ததிர்வு மட்டும் 275-லிருந்து 291-க்கு ஏறிவிட்டது. காதுக்கு அது கொஞ்சம் சின்ன வயலின். இன்னொரு நான்கை ஏற்றிக்கட்டி வாசித்து மெதுவாக்கினோம், அது பெரிய வயலின். மூன்று முகம் கிடைத்தது.

அடுத்தது அறை. ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895 முதல் இரவு இரவாக ஆர்கன் குழாய் ஒன்றையும் மெத்தைகளையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்த கணக்கு இது: எதிர்முழக்க நேரம் (ஒலி நின்ற பிறகு அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம்), அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வருவது. அக்கா மகளின் அறை 32 கன மீட்டர். கட்டில், திரைச்சீலை, துணி அலமாரி எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் பரப்பு 13 சதுர மீட்டர் என்று வைத்தால் 0.4 நொடி. நல்ல இசையரங்குக்கு இரண்டு நொடி வேண்டும்.

பாழடைந்த சர்க்கரை ஆலை ஒன்றின் கருங்கல் கிடங்குக்கு, காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியோடு போனோம். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஒரே இழுப்பாக ஏறும் ஒலியை ஓட்டி, கிடங்கு சொன்ன பதிலைப் பதிவு செய்தோம். அதிலிருந்து, ஒரே ஒரு சொடுக்குக்கு அந்த இடம் தரும் பதிலைக் கணித்துவிடலாம். வயலின் பதிவின் ஒவ்வொரு மாதிரியையும் (கணினி ஒலியை அளந்து வைக்கும் ஒவ்வொரு புள்ளியையும்) ஒரு சொடுக்காக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிலை ஒட்டிக் கூட்டினால் வயலின் கிடங்குக்குள் போய்விடும். நொடிக்கு 44,100 மாதிரி, பதில் இரண்டு நொடி நீளம் என்றால் ஒரு நொடிப் பாட்டுக்குச் சுமார் 389 கோடிப் பெருக்கல். ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற இருவர் 1965-இல் வெளியிட்ட கணக்குக் குறுக்குவழி இல்லையென்றால் அவளுடைய மடிக்கணினி புகைந்திருக்கும்.

வாத்தியக் குழுவின் கிண்ண வடிவக் கெட்டில் டிரம்முக்குப் பதில், மொரீஷியஸின் தட்டுப் பறையான ரவானைத் தட்டினாள். ஆட்டுத்தோல் ஈரம் குடித்துத் தளரும், அதனால் இங்கத்திய நாட்டுப்புற ஆட்டமான செகா ஆடுகிறவர்கள் முதலில் நெருப்பில் காட்டி இறுக்குவார்கள். அவள் அடுப்பில் காட்டினாள். கெட்டில் டிரம்மில் தோலோடு சேர்ந்து அசையும் காற்றின் பளு, கெட்டிலின் துணையோடு, தோலின் அதிர்வுகளை 2:3:4 என்ற விகிதத்துக்கு அருகே இழுத்துவருவதால் அதற்குச் சுருதி உண்டு. நம் மிருதங்கத்தில் அந்த வேலையைக் கரணை என்ற கறுப்புப் பூச்சு செய்கிறது, 1920-இல் சி. வி. ராமன் எழுதிக் காட்டினார். ரவானுக்குக் கெட்டிலும் இல்லை, கரணையும் இல்லை. சுருதி இல்லாத அதிர்ச்சிதான் வரும். பாட்டுக்கு அதுவே பொருந்தியது.

ஒன்பதாவது முறை வாசிக்கும்போது பக்கத்து வீட்டு நாய் குரைத்துவிட்டது. அழிக்கட்டுமா என்று கேட்டாள். முதலில் செய்த மாதிரி நகல் எடுத்திருந்தால் நாயும் பதினாறு முறை குரைத்திருக்கும். இப்போது பன்னிரண்டில் ஒன்றில்தான் நாய். மற்ற வயலின்கள் சேர்ந்ததில் அது 11 டெசிபல் கீழே போய்விட்டது. விட்டுவிட்டாள். பாட்டு வெளிவந்த பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் இரண்டாவது சரணம் வந்தாலே நாய்தான் கேட்கிறது.