பிக்னிக் மேசை செய்யப் போகிறீர்களா? மரப்பட்டியலை முதலில் திருத்துங்கள்

பண்ணை வீடு கட்டி முடித்தவர்களும், மொட்டைமாடியில் கொஞ்சம் இடம் மிச்சம் வைத்திருப்பவர்களும் என் பட்டறைக்கு அடிக்கடி அனுப்பும் வரைபடம் ஒன்று உண்டு. ஆறடி மேசை, இருபுறமும் பெஞ்ச், எல்லாம் சாய்ந்த கால்களில் ஒரே சட்டமாகச் சேர்ந்திருக்கும். அமெரிக்கப் பூங்காக்களில் பார்க்கும் அதே பிக்னிக் மேசை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்து நல்ல ஆசாரி யாரும் செய்துவிடலாம்.

பெரும்பாலும் படங்களில் தவறு இருப்பதில்லை. வினை எல்லாம் முதல் பக்கத்து மரப்பட்டியலில்தான். அதை எழுதியவர் தன் ஊர்க் கடையில் கிடைக்கும் மரத்தை மனதில் வைத்து எழுதியிருப்பார். அங்கே எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் பல விஷயங்களைச் சொல்லாமலே விட்டிருப்பார். நாம் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு மரவாடிக்குப் போகிறோம்.

முதலில் அளவு. பட்டியலில் "2×6" என்று இருந்தால் அது இரண்டு அங்குலக் கனமும் ஆறு அங்குல அகலமும் அல்ல. அமெரிக்கக் கடைகளில் 2×6 என்று விற்கும் பலகை, உலர்த்தி இழைத்த பிறகு 1½ × 5½ அங்குலம்தான் இருக்கும். அதுபோலவே 2×4 என்பது 1½ × 3½, 4×4 என்பது 3½ × 3½. அது அங்கே காலங்காலமாக வழங்கும் பெயரளவு. நம் ஊர் மில்லில் அந்த வழக்கம் கிடையாது. "டூ பை சிக்ஸ்" என்று கேட்டால் முழு இரண்டுக்கு ஆறாகவே அறுத்துக் கொடுப்பார்கள்.

அதிலென்ன, கொஞ்சம் கனமாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். 1½-ஐ 5½-ஆல் பெருக்கினால் 8¼. 2-ஐ 6-ஆல் பெருக்கினால் 12. அதாவது 45 சதவீதம் கூடுதல் மரம். தேக்கு விலையில் இது சின்ன விஷயமா? பணம் போனாலும் போகட்டும் என்றாலும் அளவு இடிக்கும். மேற்பரப்புக்கு ஐந்து பலகை, நடுவில் இரண்டு நூல் (கால் அங்குலம்) இடைவெளி என்றால் வரைபடத்தின்படி மொத்த அகலம் 28½ அங்குலம் வரும். முழு ஆறு அங்குலப் பலகை என்றால் 31. கீழே தாங்கும் குறுக்குச் சட்டத்தை வரைபடத்தில் உள்ளபடி 28 அங்குலத்துக்கு வெட்டியிருப்பீர்கள். ஓரப் பலகை ஒன்றரை அங்குலம் அந்தரத்தில் தொங்கும், அதன் ஸ்க்ரூ சட்டத்தின் நுனியில் விழுந்து சட்டம் பிளக்கும். போல்ட்டிலும் இதே கதைதான். ஒன்றரை அங்குலச் சட்டம் இரண்டைச் சேர்க்க 3½ அங்குல போல்ட் போதும். இரண்டும் முழு இரண்டு அங்குலம் என்றால் அந்த போல்ட் மறுபக்கம் எட்டியே பார்க்காது.

ஆகவே பட்டியலைத் திருப்பி எழுதுங்கள். மில்லில் கேட்க வேண்டியது 1¾ × 5¾. இழைத்ததும் வரைபடத்தின் உண்மையான 1½ × 5½ வந்துவிடும். பட்டியலில் மரத்தின் மொத்த அளவு "போர்டு ஃபுட்" (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனம்) கணக்கில் இருந்தால் 12-ஆல் வகுங்கள், நம் கன அடி கிடைக்கும். நான் சொல்லும் ஆறடி மேசைக்குப் பெஞ்சும் கால்களும் சேர்த்து ஏறக்குறைய 5 கன அடி ஆகும். இழைப்பு, முடிச்சு, வெடிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 7 கன அடி வாங்கலாம்.

அடுத்தது எந்த மரம் என்ற கேள்வி. அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இருப்பது மருந்து ஏற்றிய பைன். பைன் இயல்பில் வெளியிடத்துக்கான மரம் அல்ல. அழுத்தத்தில் உள்ளே செலுத்திய செம்பு மருந்துதான் அதைக் காக்கிறது. 2003 முடிவு வரை அங்கே இதற்கு ஆர்செனிக் கலந்த மருந்தும் இருந்தது. அதன் பிறகு வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் "பைன்" என்று கேட்டால் பல இடங்களில் கிடைப்பது பேக்கிங் பெட்டி உடைத்த பலகை. அதில் "எச்.டி." என்று முத்திரை இருக்கும். அதைப் பதப்படுத்தியதற்கு அடையாளம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. அந்த முத்திரை, மரத்தைச் சூடாக்கி உள்ளிருக்கும் பூச்சியைக் கொன்றார்கள் என்று மட்டுமே சொல்கிறது. நாளைக்கு வரும் கரையானுக்கும் மழைக்கும் அது எந்தத் தடையும் இல்லை. அருகிலேயே "எம்.பி." என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்ட மரம். சோறு வைத்துச் சாப்பிடும் மேசைக்கு அதைத் தொடவே வேண்டாம். மருந்து ஏற்றிய மரம் என்று யாராவது விற்றால் என்ன மருந்து என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். அதன் துண்டுகளை அடுப்பில் போடவும் கூடாது.

சரி, தேக்கு? தேக்குதான், ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். வெயிலையும் மழையையும் கரையானையும் தாங்குவது தேக்கின் நடுவிலுள்ள வைரப் பகுதி. ஓரத்து வெள்ளை தாங்காது. இளம் தோட்டத் தேக்கில் பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருப்பதைப் பார்க்கிறேன். சாயம் பூசிவிட்டால் வித்தியாசம் தெரியாது, அதனால் பாலிஷ் போட்ட பலகையை வாங்காமல் எதுவும் பூசாத பலகையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வேங்கையும் கோங்கும் வெளியிடத்துக்கு நல்ல மரங்கள். வேங்கை முதல் மழைகளில் சாயம் விடும். வெள்ளை டைல்ஸ் போட்ட முற்றத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரம், மா, "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லித் தரும் பிளைவுட் ஆகியவை வீட்டுக்குள் என்ன பெயர் வாங்கினாலும் வெளியில் வைக்க வேண்டியவை அல்ல. பிளைவுட்டின் ஓரம் வழியே தண்ணீர் ஏறிவிடும்.

பலகைகளுக்கு இடையே இடைவெளி விடுவதிலும் ஊர் வித்தியாசம் உண்டு. சில வரைபடங்களில் மேற்பலகைகளை நெருக்கி ஒட்டவைக்கச் சொல்லியிருக்கும். அங்கே மருந்து ஏற்றிய பைன் ஈரத்தோடுதான் கடைக்கு வருகிறது. காயக் காயச் சுருங்கி இடைவெளி தானாக விழுந்துவிடும். நன்றாகக் காய்ந்த தேக்கை அப்படி நெருக்கி அடித்தால் ஐப்பசி மழையில் உப்பிப் பலகைகள் ஒன்றையொன்று தள்ளும், தண்ணீரும் மேலேயே நிற்கும். காய்ந்த மரத்துக்கு இரண்டு நூல் விடுங்கள்.

ஸ்க்ரூவுக்கு வருவோம். கருப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூ மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதனாலேயே எல்லா இடத்திலும் அடிக்கிறார்கள். அது வீட்டுக்குள் போர்டு பூட்டுவதற்கு. வெளியில் துருப்பிடிக்கும், பாரம் வந்தால் வளையாமல் முறியும். பட்டியலில் "கால்வனைஸ்டு" என்று இருப்பது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, பார்க்க மங்கலாகச் சொரசொரப்பாக இருக்கும். பளபளவென்று மின்னும் மெல்லிய முலாம் அதற்கு ஈடாகாது. என் சிபாரிசு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம். கடற்கரை அருகே என்றால் 316. சாதா இரும்பு போட்டால் தேக்கில் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கருப்புக் கறை இறங்கும், அது இழைத்தாலும் முழுதாகப் போகாது. அப்புறம், பைனில் நேராக ஸ்க்ரூ ஏற்றுகிறார்களே என்று நம் மரத்தில் முயலாதீர்கள். துளை போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

மேலே சொன்னவை பணத்துக்கும் அழகுக்கும் வரும் சேதம். உடம்புக்கே ஆபத்தான ஒன்று இருக்கிறது. பெஞ்ச் சேர்ந்த மேசை கவிழும். ஒரு பக்கம் மட்டும் மூன்று பேர் உட்கார்ந்து, எதிர்ப் பெஞ்ச் காலியாக இருக்கும்போதுதான் இது நடக்கும்.

இதற்கும் கணக்கு உண்டு. எடையைக் கால் நுனியிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். இடம் போதவில்லை என்று சொல்லிக் கால்களின் சாய்வைக் குறைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கால் நுனி மேசை நடுவிலிருந்து 18 அங்குலத்தில் இருக்கிறது, பெஞ்சின் நடு 24 அங்குலத்தில். தலா 70 கிலோவில் மூன்று பேர் 210 கிலோ. அவர்கள் கால் நுனிக்கு வெளியே 6 அங்குலத்தில் இருப்பதால் கவிழ்க்கும் பக்கம் 210 × 6 = 1260. மேசை பைன் என்றால் எடை ஏறக்குறைய 65 கிலோ. அது மேசை நடுவில், கால் நுனிக்கு உள்ளே 18 அங்குலத்தில் இருப்பதால் பிடித்து நிறுத்தும் பக்கம் 65 × 18 = 1170. கவிழ்ந்துவிட்டது. தேக்கு என்றால் 90 கிலோ போல வரும், 1620. நிற்கும். ஆனால் அந்த மூவரும் எழுந்திருக்கும்போது பெஞ்சின் வெளி ஓரத்துக்கு நகர்ந்தால் தூரம் 9 அங்குலமாகிறது, 210 × 9 = 1890. தேக்கும் கவிழும். கால் நுனியைப் பெஞ்சின் நடுவுக்கு நேர் கீழே கொண்டுவந்துவிட்டால், ஒழுங்காக உட்காரும் வரை எத்தனை பேர் என்றாலும் பயமில்லை. இன்னும் மூன்று அங்குலம் வெளியே தள்ளினால் எழும்போதும் பயமில்லை. எந்த அளவைக் குறைத்தாலும் இந்த அளவைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். இடம் பற்றவில்லை என்றால் பெஞ்சைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

உண்மையில், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் தனிப் பெஞ்ச்தான் சொல்வேன். சேர்ந்த பெஞ்சில் உட்கார ஒரு காலைத் தூக்கிக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டிப் போட வேண்டும். சேலை கட்டிய பாட்டியோ முழங்கால் வலிக்காரரோ அதை எப்படிச் செய்வார்? வரைபடம் போட்டவர் அதை யோசித்திருக்க வாய்ப்பில்லை. மேசை உயரம் 29, பெஞ்ச் 17 முதல் 18 அங்குலம், அதை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் போதும்.

கால்களை மண்ணில் நேராக ஊன்றாதீர்கள். மரத்தின் வெட்டுமுனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய், கரையான் ஏறுவதும் அங்கிருந்துதான். முனையில் எபாக்ஸி பசை தடவி, ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு துண்டு கடப்பா கல் வையுங்கள். கரையானுக்கு என்று வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசும் பழக்கம் வேலிக்காலுக்கு எப்படியோ, சாப்பாட்டு மேசைக்கு வேண்டவே வேண்டாம். வார்னிஷும் எனக்குப் பிடிக்காது. நம் வெயிலில் அது செதில் செதிலாக உரியும், பிறகு முழுதும் சுரண்டித்தான் மறுபடி பூச வேண்டும். வைரத் தேக்கை ஒன்றும் பூசாமல் விட்டால் சாம்பல் நிறமாகும், பலம் குறையாது. நிறம் வேண்டும் என்பவர்கள் எண்ணெய் தடவலாம். ஆளிவிதை எண்ணெய் என்றால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, அப்புறம் தூக்கிப் போடுங்கள்.

கால் வெட்டும்போது வரைபடத்தில் உள்ள டிகிரியை நம்பி மிஷினைத் திருப்புவதைவிட, பட்டறைத் தரையில் சாக்பீஸால் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரைந்து, சட்டங்களை அதன்மேல் படுக்கவைத்துக் குறியுங்கள். கால் நுனி எங்கே விழுகிறது, பெஞ்ச் நடு எங்கே வருகிறது என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

போல்ட் எம்10 (10 மி.மீ. கனம்), வாஷரோடு. முதல் கோடையில் மரம் கொஞ்சம் சுருங்கும், நட்டுகள் தளரும், மேசை ஆடத் தொடங்கும். பசை விட்டுப்போச்சு, கால் போச்சு என்று ஆளைக் கூப்பிடாமல் 17 நம்பர் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்குங்கள். மேசை கொடுக்கும்போதே அந்த ஸ்பேனரையும் கையில் கொடுத்துவிடுகிறேன்.