ஒட்டாத கற்கள் பாரம் தாங்கும் விதம்: ரோம் நகரின் கல்பாவிய தெருக்கள்

ரோம் நகரில் டைபர் ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த டிராஸ்டெவெரே என்னும் பழைய குடியிருப்பின் சந்துகளில், தரையெங்கும் கையகலக் கரிய கற்கள் நெருக்கமாகப் பாவப்பட்டிருக்கின்றன. சம்பியெட்ரினி எனப்படும் இவ்வகைக் கற்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து அந்நகரின் தெருக்களில் பரவத் தொடங்கின. மரபான முறையில் பாவப்பட்ட இடங்களில் கல்லையும் கல்லையும் ஒட்டுவதற்குச் சுண்ணாம்போ சிமென்டோ இடுவதில்லை. மணற்படுகையில் கல்லை அமர்த்தி, இடுக்குகளிலும் மணலையே நிரப்பி, தட்டி இறுக்குவதோடு வேலை முடிகிறது. எதனாலும் ஒட்டப்படாத இந்தத் தரை வண்டிகளின் பாரத்தை எப்படித் தாங்குகிறது?

கல்லிலிருந்தே தொடங்கலாம். ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள ஆல்பன் குன்றுகள் ஒரு பழைய எரிமலைத் தொகுதி. இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு அங்கிருந்து வழிந்து வந்த எரிமலைக் குழம்பு ஒன்று நகரின் வாசலை நெருங்கும் வரை ஓடி உறைந்தது; கி.மு. 312இல் போடத் தொடங்கிய அப்பியா நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அந்த உறைந்த குழம்பின் மேலேயே செல்கிறது. நுண்ணிய படிகங்கள் செறிந்த அந்தக் கல் எளிதில் தேயாது.

சம்பியெட்ரினியின் மேல்முகம் பொதுவாக 12 சென்டிமீட்டர் சதுரம். அடிப்பக்கம் குறுகிச் செல்லும். ஈற்றுக்குள் பதிந்த பல்லைப் போல அதன் வால் மணலுக்குள் இறங்கி நிற்கிறது. கையால் உடைத்த கற்களின் அடிப்பாகம் ஒரே அளவாக அமையாது. கீழே குறுகியிருப்பதால் அந்த ஏற்றத்தாழ்வுகள் ஒன்றோடொன்று முட்டாமல், மேல்முகங்கள் மட்டும் நெருங்கிப் பொருந்துகின்றன.

இனி பாரத்தைக் கணக்கிடுவோம். 1,400 கிலோ எடையுள்ள காரின் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 350 கிலோவைச் சுமக்கிறது. டயரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அளவில் இருந்தால், அது தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். கல்லின் முகமோ 144 சதுர சென்டிமீட்டர்! ஆகவே ஒரு கணத்தில் அந்தச் சக்கரத்தின் பாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே கல்லின் மேல் விழக்கூடும். அந்தக் கல் தனித்து நின்றால் மணலில் புதைந்துவிடும். அது புதையாமல் காப்பது இடுக்கிலுள்ள மணல்தான். இறுகிப் படிந்த மணல்மணிகள் ஒன்றன் இடைவெளியில் ஒன்று அடங்கியிருக்கும்; கல் கீழே நழுவ முயன்றால் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும், அப்படி ஏறும்போது மணலின் பருமன் பெருகும். பெருகுவதற்கு இடமில்லாததால் மணல் இரு பக்கக் கற்களையும் நெருக்குகிறது. நெருக்கம் கூடக் கூட உராய்வும் கூடி, பாரத்தின் ஒரு பங்கு அண்டைக் கற்களுக்குக் கடத்தப்படுகிறது. கல்லை அமிழ்த்த வரும் விசையே அதை இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுகிறது என்பதுதான் இந்தத் தரையின் ஆகச் சிறந்த நுட்பம் என்று கருதுகிறேன்.

இதற்கு நிபந்தனை ஒன்று உண்டு. பக்கவாட்டு நெருக்கத்தைத் தாங்கும் விளிம்பு அசையாமல் நிற்க வேண்டும். தெருவோரத்துக் கற்கள் பெயர்ந்தால் நடுவில் உள்ளவையும் தளரும். கற்களை வில் வடிவ வரிசைகளில் பாவுவதும் இதே நோக்கத்தை ஒட்டியது: நீண்ட நேர்க்கோட்டு இடுக்கு இல்லாததால், வண்டி பிரேக் பிடிக்கும்போது எழும் கிடைவிசை பல கற்களுக்குப் பிரிந்துபோகிறது.

இந்தத் தெருவின் குறைகளுக்கும் இதே அமைப்பே காரணம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சக்கரம், 12 சென்டிமீட்டருக்கு ஓர் இடுக்கு என்ற கணக்கில், நொடிக்கு ஏறத்தாழ 70 இடுக்குகளைக் கடக்கிறது. அந்த அதிர்வையே காது உறுமலாகக் கேட்கிறது. நுண்படிகக் கல் நெடுங்காலம் தேயும்போது சொரசொரப்பை இழந்து மெருகேறுவதால், மழைநீரின் மெல்லிய படலத்தைக் கிழித்துக்கொண்டு டயரின் ரப்பர் கல்லைப் பற்றுவது கடினமாகிறது. இருசக்கர வாகன ஓட்டிகளின் அச்சம் முற்றிலும் நியாயமானது.

கனரக வண்டிகளின் பாதிப்பு வேறு வகை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் தார், கான்கிரீட் சாலைகளில் நடத்திய சோதனைகளிலிருந்து, அச்சின் பாரம் இரு மடங்கானால் சேதம் தோராயமாக 16 மடங்காகும் என்ற விதி பெறப்பட்டது. கல்பாவிய தரைக்கு அந்த எண் அப்படியே பொருந்தாவிட்டாலும், பேருந்தைக் காரோடு ஒப்பிட முடியாது என்பது தெளிவு. ஈரமான படுகையைப் பேருந்து அழுத்தும்போது நீரோடு மணலும் இடுக்கு வழியே வெளியேறுகிறது. மணல் போனால் நெருக்கமும் போய்விடும், கற்கள் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தை நிறுத்த இடுக்கில் சிமென்ட் பூசுவது தவறான மருத்துவம். வெயிலில் விரியவும் குளிரில் சுருங்கவும் இடமின்றி பூச்சு வெடிக்கிறது. வெடிப்பில் புகும் நீர் அடிப்படுகையை மேலும் அரிக்கிறது. குழாய் பழுதுபார்க்கக் கல்லைப் பெயர்த்தால் அது உடைந்து வருகிறது. மணலில் பாவிய கல்லையோ முழுதாக எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்பப் பதிக்கலாம்.

பேருந்துகள் ஓடும் சில பெரிய சாலைகளிலிருந்து இக்கற்களை அகற்றி, அவற்றை நடைபாதைத் தெருக்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை ரோம் மாநகராட்சி 2018இல் முன்வைத்தபோது, பாரம்பரியம் பறிபோகிறது என்ற எதிர்ப்பும் எழுந்தது. பாரத்தின் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தத் திட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இடம் மாறும் கற்களை மணலில் பாவி, ஆண்டுதோறும் இடுக்குகளில் மணல் குறைகிறதா என்று பார்த்து நிரப்பும் பராமரிப்பும் அதோடு சேர்ந்திருக்க வேண்டும்.