நல்ல சீட்டு விழுந்த ராத்திரிதான் பெரிய பணம் போகிறது

சீட்டாடிக் கடனில் விழுந்து கவுன்சிலிங்குக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஆட்டத்தில் ஒரே அடியாகப் போச்சு?" என்றுதான். நகரி, புத்தூர் பக்கத்துத் தறிக்காரரானாலும் சரி, பள்ளிப்பட்டிலிருந்து வருகிற காலேஜ் பையனானாலும் சரி, பதில் ஏறக்குறைய ஒன்றேதான். போக்கர் ஆடுகிறவர், "மேடம், அன்னைக்கு எனக்கு ரெண்டு ஏஸ்" என்பார். மூணு சீட்டு ஆடுகிறவர் என்றால் "ட்ரயல் வச்சிருந்தேன்" என்பார், அதாவது மூன்றும் ஒரே மதிப்புச் சீட்டு. மோசமான சீட்டில் சொத்து போனது என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் மோசமான சீட்டைக் கீழே போட்டுவிடுகிறார்கள், போவது பத்தோ இருபதோதான்.

அதனால் நல்ல சீட்டு வந்தால் எப்படிப் பணம் கட்ட வேண்டும் என்று யூடியூபில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் வருகிறவர்களுக்கு என்னைவிட நன்றாகக் கணக்குத் தெரியும், பொய் என்று சொன்னால் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

கணக்கு இதுதான். போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு வரை விரிப்பார்கள். உங்களிடம் ஏஸ் ஜோடி. நடுவில் விரித்த மூன்று சீட்டில் இரண்டு ஆட்டின், எதிராளி கையிலும் இரண்டு ஆட்டின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டின் விழுந்தால் ப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, சேர்ந்துவிடும், உங்கள் ஜோடி தோற்றுவிடும். அவர் பார்க்காத சீட்டு 47, அதில் ஆட்டின் 9. அடுத்த சீட்டிலேயே விழ 19 சதவீதம்தான் வாய்ப்பு. நடுவில் சேர்ந்த பந்தயப் பணம் 100 ரூபாயாக இருக்கும்போது நீங்கள் 10 கட்டினால், அவர் 10 போட்டு 110-க்கு ஆசைப்படலாம், பன்னிரண்டில் ஒரு தடவை ஜெயித்தாலே அவருக்குக் கட்டுப்படி ஆகிவிடும். நீங்கள் 50 கட்டினால் அவர் 50 போட்டு 150-க்கு நிற்க வேண்டும், நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும், அவருக்கோ ஐந்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை. ஆகவே நல்ல சீட்டு வந்தால் பதுங்கிக்கொண்டு சும்மா விடாதே, பெரிதாகக் கட்டு, எதிராளியைத் தப்பான விலைக்கு உள்ளே இழு. பாடம் சரியான பாடம்தான்.

ஆனால் இந்தப் பாடம் ஆயிரக்கணக்கான ஆட்டத்துக்கு உரியது. ஒரு ராத்திரிக்கு இது எழுதப்படவில்லை. எத்தனை பேருக்கு எதிரே என்பதும் முக்கியம். ஏஸ் ஜோடி எதிரே ஒருத்தர் மட்டும், என்ன சீட்டு என்று தெரியாமல் கடைசிவரை நின்றால் சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும், ஐந்து பேர் நின்றால் அதே ஜோடி பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எதிரே கிங் ஜோடி மட்டும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், 82 சதவீதம், இதைவிட நல்ல இடம் போக்கரில் கிடைப்பது அபூர்வம். அந்த இடத்திலும் கையிருப்பு முழுவதையும் ஆல்-இன் தள்ளுகிறவர், தொடர்ந்து நாலு தடவை தப்பிக்கிற வாய்ப்பு 45 சதவீதம்தான். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் ஆடினார், ஆனாலும் நாலாவது ஆட்டத்துக்குள் வெறுங்கையாக நிற்கிறவர்களே அதிகம். தொழில்முறையாக ஆடுகிறவர் மேஜையில் வைப்பது தன் ஆட்டப் பணத்தில் சின்னப் பங்கு, அந்த நஷ்டம் அவருக்கு அன்றைய செலவு. முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸையும் லோன் ஆப்பில் எடுத்ததையும் சேர்த்து வைத்து ஆடுகிறவருக்கு அடுத்த ஆட்டம் என்று ஒன்று கிடையாது.

ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். ஆன்லைனில் ஒரு டேபிளில் மணிக்கு அறுபது எழுபது ஆட்டம் ஓடும், அதாவது மூணு மணி நேரத்துக்கு மேல் சீட்டைக் கீழே போட்டுப் போட்டு, கண் எரிய, ராத்திரி ரெண்டு மணிக்கு அது வந்து விழுகிறது. இத்தனை நேரம் பொறுத்ததற்குக் கூலி என்றே மனசு எடுத்துக்கொள்கிறது. அது தோற்றால் வருவது வெறும் நஷ்ட உணர்ச்சி இல்லை, அநியாயம் நடந்துவிட்டது என்கிற ஆத்திரம். நகரியில் தறி ஓட்டுகிற ஒருவர், அடையாளம் மாற்றித்தான் சொல்கிறேன், கிங் ஜோடியிடம் ஏஸ் ஜோடி தோற்றதும் பத்து நிமிஷத்துக்குள் மூன்று முறை ஆட்டக் கணக்கில் பணம் ரீசார்ஜ் செய்திருந்தார். பாங்க் எஸ்எம்எஸ்களை நானும் அவரும் சேர்ந்து வரிசையாகப் பார்த்தோம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய தொகை. அதற்குப் பிறகு வந்த சீட்டு என்ன என்று கேட்டேன், ஒன்றுகூட ஞாபகம் இல்லை, அந்த ஏஸ் ஜோடி மட்டும் எந்தெந்த நிறம் என்பதுவரை சொன்னார்.

ஆந்திரா - தமிழ்நாடு எல்லை ஊர் என்பதால் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆந்திராவில் 2020-லேயே ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை வந்தது, ஆப்கள் போன் இருக்கிற இடத்தைப் பார்த்துக் கதவை மூடின, உடனே நம் ஆட்கள் பைக்கை எடுத்துக்கொண்டு திருத்தணிப் பக்கம் வந்து உட்கார்ந்து ஆடினார்கள். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இதைத் தெரியாமல் போலீஸுக்குப் பயந்து சிகிச்சைக்கே வராமல் இருக்கிறார்கள், தயவுசெய்து வாருங்கள். இப்போது டெலிகிராம் லிங்க் வழியாக வெளிநாட்டு சைட், இல்லையென்றால் ஷெட்டுக்குள் நேரடிச் சீட்டு என்று இடம் மாறியிருக்கிறதே தவிர ஆட்டம் நிற்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு, போதைப் பழக்கங்களோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் சத்தியம் வாங்கினால் நின்றுவிடும் என்று வீட்டில் இருக்கிறவர்கள் நம்ப வேண்டாம். நகையை விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு, பாங்க் கணக்கையும் யூபிஐயையும் அவர் கையிலேயே விட்டுவைப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், மாதம் திரும்புவதற்குள் புதுக் கடனோடு வந்து நிற்கிறார்கள். முதலில் பணம் கையாளும் பொறுப்பை வேறொருவர் வாங்கிக்கொள்ளுங்கள், கடன் பட்டியல் முழுவதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் எதை முதலில் அடைப்பது என்று உட்கார்ந்து பேசலாம்.

பெரிய தொகை போன மறுநாள் அவர் ரொம்ப அமைதியாக இருந்தால் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். ஆடுகிறவர் பேச மறுத்தால் வீட்டில் இருக்கிற நீங்களே கூப்பிடலாம்.