அளவு மூன்று, சுருதி ஒன்று: யுகுலேலே ஒலிக்கும் விதம்

பினாங்கின் இசைக்கருவிக் கடைகளில், கிதார் போன்ற சிறிய நான்கு தந்திக் கருவியான யுகுலேலே பெரும்பாலும் மூன்று அளவுகளில் தொங்கும். தந்தி அதிரும் நீளம் சொப்ரானோவில் சுமார் 35 செ.மீ., கான்சர்ட்டில் 38, டெனோரில் 43. அளவு மாறினாலும் சுருதி மாறாது என்பதுதான் இதில் விசேஷம். ஏழு வயதுப் பிள்ளை சொப்ரானோவையும் அம்மா கான்சர்ட்டையும் தாத்தா டெனோரையும் வைத்துக்கொண்டு ஒரே மெட்டில் (தந்திகளுக்குக் கீழே பதித்த குறுக்குக் கம்பி) விரல் வைத்தால் ஒரே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிறக்கும். ஒருவர் கற்றதை மற்றவருக்கு அப்படியே காட்டிக் கொடுக்கலாம். இன்னும் பெரிதான பாரிடோனுக்கு வழக்கமான சுருதி வேறு. குடும்பமாகத் தொடங்குகிறவர்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நீளம் வேறாக இருந்தும் ஒலி எப்படி ஒன்றாகிறது? தந்தியின் அதிர்வெண்ணை நீளமும் இழுவிசையும் தந்தியின் கனமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பிரெஞ்சுப் பாதிரியார் மரேன் மெர்சென் 1636-இல் வெளியிட்ட விதி இது. நீளம் கூடினால் ஒலி தணியும், முறுக்கினால் ஏறும், தந்தி தடித்தால் மறுபடி தணியும். ஆனால் இந்த ஈடுகட்டல் சமமாக நடப்பதில்லை. இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். ஒரே தந்தியை சொப்ரானோவிலும் டெனோரிலும் கட்டிச் சுருதி சேர்த்தால் டெனோரில் இழுவிசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். தந்திகளை அளவு பார்த்து விற்பதன் காரணம் இதுதான். சிறுவர்களின் விரல் நுனிக்கு சொப்ரானோ இதமாக இருப்பதும் இதனால்தான். அதே சொப்ரானோவில் முதல் மெட்டு இரண்டு செ.மீ. தூரத்திலேயே வந்துவிடும், அப்பாவின் மூன்று விரல்கள் அங்கே இடித்துக்கொள்ளும். பிள்ளைக்கு சொப்ரானோ, பெரியவர்களுக்கு கான்சர்ட் என்பது என் கட்சி.

இனி சுருதிக்கு வருவோம். மேலிருந்து கீழாக நான்கு தந்திகளும் ஜி, சி, ஈ, ஏ. நம் பாடகர்கள் சுருதி சொல்லும் கட்டைக் கணக்கில் சி என்பது ஒரு கட்டை. அதை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ஜி பஞ்சமம், ஈ அந்தர காந்தாரம், ஏ சதுஸ்ருதி தைவதம். ப, ஸ, க, த. ஐந்து சுரங்களே கொண்ட மோகன ராகத்தில் ரிஷபம் ஒன்றைத் தவிர மற்ற நான்கு சுரங்களும் விரலே படாமல் திறந்த தந்திகளாக நிற்கின்றன! சி தந்தியின் இரண்டாம் மெட்டில் ரிஷபம். ஏ தந்தியின் மூன்றாம் மெட்டில் மேல் ஸட்ஜம். ஆரோகணம் முழுவதற்கும் இரண்டே அழுத்தல்கள். சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு முதல் பாடமாக இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அந்த மேல் ஸட்ஜத்தை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு நான்கையும் சேர்த்து மீட்டினால் ப, ஸ, க, ஸ. அதுவே சி மேஜர் கார்ட். ஹவாயில் வளர்ந்த கருவி மோகனத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அதை நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம்.

மேலே இருக்கும் ஜி தந்திதான் நான்கில் தணிவாக இருக்கும் என்று கிதார் பழகியவர்கள் நினைப்பார்கள். அது 392 ஹெர்ட்ஸ். அடுத்த சி 262, ஈ 330, ஏ 440. ஆக நான்கும் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே நெருங்கி நிற்கின்றன. யுகுலேலேயின் கார்ட் கலகலவென்று கேட்பதற்கு இந்த நெருக்கம் ஒரு காரணம். சிறிய பெட்டி இன்னொரு காரணம். தந்தி தனியாக அதிர்ந்தால் காற்றை அதிகம் அசைக்காது. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டை அந்த அதிர்வை மெல்லிய முகப்புப் பலகைக்குக் கடத்துகிறது. பலகையும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்துதான் நம் காதுக்கு ஒலியை அனுப்புகின்றன. பாட்டிலின் வாயில் ஊதினால் சிறிய பாட்டில் கீச்சென்றும் பெரியது கம்மென்றும் ஒலிக்குமே, அந்தக் கணக்குதான் இங்கும்.

வீணை கேட்டுப் பழகிய தாத்தாவுக்கு இரண்டு குறைகள் படும். காந்தாரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்பார். அவர் காது சரி. யுகுலேலேயின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வகுத்துப் பதிக்கப்படுபவை. ஒவ்வொன்றிலும் அதிர்வெண் 1.0595 மடங்கு ஏறும். அந்தக் கணக்கில் காந்தாரம் தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தைவிட அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. வீணையில் மெழுகில் பதித்த மெட்டுகளைக் காதால் கேட்டுச் சரிசெய்யலாம், இங்கே முடியாது. இரண்டாவது குறை கமகம், அதாவது தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பது. உலோகத் தந்தியைச் சற்றே இழுத்தாலும் இழுவிசை வெகுவாக ஏறும். நைலான் நெகிழ்ந்து கொடுத்துவிடுவதால் எவ்வளவு இழுத்தாலும் சுரம் அதிகம் நகராது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கும் ஜாரு மட்டும் ஓரளவு வரும்.

வாங்கும்போது மரத்தின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஹவாயின் கோவா மரம் அழகுதான். ஆனால் பினாங்குக் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். திடமரக் கருவிகளுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் உகந்தது என்பார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நார்களுக்குக் குறுக்கே உப்பும். முகப்புப் பலகை வயிறு தள்ளும். தந்தி மெட்டிலிருந்து விலகி உயரும். இரவில் குளிர்சாதனம் ஓடி, பகலில் சன்னல் திறந்திருக்கும் வீட்டில் பலகை தினமும் சுருங்கி விரியும். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் நார் மாற்றி ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை மற்றொன்று கட்டுப்படுத்துகிறது. ஒலியில் சற்று மங்கல்தான், ஆனாலும் பிள்ளைகள் சோபாவில் போட்டுவிட்டுப் போகிற கருவிக்கு ஒட்டுப்பலகையே போதும். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகிக் குதிரை பெயர்ந்துவிடும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டுங்கள். மணி போன்ற ஒலி வரும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் தந்தி மிக உயரத்தில் இருக்கலாம்: அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு ஒலி ஏறிவிடுகிறது. நான்கு தந்தியிலும் செய்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புதுக் கருவி முதல் சில நாட்கள் சுருதியில் நிற்காது. இழுவிசையில் இருக்கும் நைலான் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். நீள நீள ஒலி இறங்கும். பழுதென்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம், திரும்பத் திரும்ப முறுக்கினால் அடங்கிவிடும். நாலு பேர் சேர்ந்து சுருதி சேர்க்கும் வீட்டுக்குத் தலைப்பகுதியில் கவ்வும் ட்யூனர் நல்லது. அது காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை நேராக உணர்கிறது. ஆகவே பக்கத்தில் தம்பி அடிக்கும் கூத்து அதைக் குழப்பாது. பிறகு காதுக்கும் வேலை கொடுங்கள். ஒருவரின் ஏ 440, இன்னொருவரின் ஏ 443 என்றால் இரண்டும் சேர்ந்து வினாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். ஒருவர் மெதுவாக முறுக்க, அந்த அலை நிதானமாகி நின்றுவிடுவதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கார்டுகளில் சி-க்கும் ஏ மைனருக்கும் ஒரு விரல், எஃப்-க்கு இரண்டு, ஜி-க்கு மூன்று. பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது ஜி-யில்தான். அதற்காகப் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஜி வரும் இடத்தில் சின்னவர் இடது விரல்களைத் தந்திகள்மேல் தளர்வாகக் கிடத்திவிட்டு வலது கையால் தொடர்ந்து மீட்டலாம். விரல் சதை அதிர்வை உறிஞ்சிவிடுவதால் சுரம் எழாமல் டக் டக்கென்று தாளம் மட்டும் கேட்கும். ஜி-யை அம்மா பார்த்துக்கொள்வார்.